கப்பலிலிருந்து டேங்க் வரை: கச்சா எண்ணெய் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தெற்குப் பக்கத்தில் கச்சா எண்ணெய் டேங்குகளுக்கு அளவெடுத்தே என் உத்தியோகக் காலம் கழிந்தது. வந்த கேள்விகளில் நாலை எடுத்துக்கொள்கிறேன்.

மாமா, இசிபிங்கோ கடற்கரையில் நின்றால் தூரத்தில் பெரிய கப்பல் தெரிகிறது. துறைமுகத்துக்குள் ஏன் வருவதில்லை?

20 லட்சம் பேரல் ஏற்றிய கப்பலுக்கு 20 மீட்டருக்கும் மேல் ஆழம் வேண்டும். துறைமுகத்துக்குள் அது கிடையாது. அதனால் கரையிலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி ஒரு மிதவை போட்டிருக்கிறார்கள். கப்பல் அதில் மூக்கைக் கட்டிக்கொண்டு, காற்றடிக்கிற பக்கமெல்லாம் சுற்றும். எண்ணெய் மிதக்கும் குழாய் வழியாக மிதவைக்கு வந்து, கடலடிக் குழாயில் கரை ஏறும். தள்ளுவது கப்பலின் பம்புதான்.

டேங்கின் கூரை மேலும் கீழும் போகிறதாமே, நிஜமா அண்ணே?

நிஜம்தான். கூரைக்கும் எண்ணெய்க்கும் நடுவே இடம் இருந்தால் அங்கே ஆவி சேரும். எண்ணெயும் வீண், தீ பிடிக்கவும் தோது. ஆகவே கூரையை எண்ணெய் மேலேயே மிதக்க விடுகிறோம். தொல்லை மழையில்தான். மேலே விழும் தண்ணீர், டேங்குக்குள் ஓடும் ஒரு வடிகுழாய் வழியாக வெளியேற வேண்டும். ஒரு கோடைமழை இரவில் அதன் வால்வைத் திறக்க மறந்துவிட்டோம். விடிந்து ஏணியில் ஏறினால், கூரை ஒரு பக்கம் சரிந்து குளமாக நிற்கிறது! அன்றைக்குப் போன உயிர் மதியம்தான் திரும்பியது.

எண்ணெயோடு தண்ணீரும் வருமாமே, அதற்கும் காசு கொடுப்பதா?

கொடுப்பதில்லை, அதற்குத்தான் அளவே. தண்ணீர் கனம், அடியில் தங்கும். அளவு நாடாவின் குண்டில் ஒரு பசை தடவி அடிவரை இறக்குவோம். தண்ணீர் தொட்ட உயரம் வரை பசை நிறம் மாறும். அதைக் கழித்து, வெப்பத்துக்கும் கணக்குப் போட்ட பிறகே பேரல். சூட்டில் எண்ணெய் உப்பும் அல்லவா? நாடாவைத் துடைத்த துணி வாசனை கையை விட்டுப் போக இரண்டு நாளாகும். வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துத்தான் பரிமாறினார்கள்.

2022-இல் சாப்ரெஃப் சுத்திகரிப்பு ஆலை நின்றுவிட்டதே, அப்புறமும் கப்பல் எதற்கு?

உள்நாட்டில் சாசோல்பர்க்கில் நாட்ரெஃப் என்ற சுத்திகரிப்பு ஆலை இருக்கிறதே! அதற்குக் கச்சா இங்கிருந்துதான் குழாயில் போகிறது. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஏற்றம், வழியெல்லாம் பம்பு நிலையம். சேமிப்பு என்று பார்த்தால் மேற்குக் கரையில் சல்டானா பெரியது: ஆறு கான்கிரீட் டேங்க், மொத்தம் நாலரைக் கோடி பேரல். அங்கே நான் வேலை செய்ததில்லை, ஏணி ஏறும் வயதும் போய்விட்டது.