பகலில் மீன் சிக்காத கரை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி கடற்கரையில் நண்பகல் முழுவதும் நின்று தூண்டிலை எட்டியவரை தொலைவாக வீசியும் ஒரு ஸ்ட்ரைப்டு பாஸ் (உடலில் கோடுகள் கொண்ட பெரிய மீன்) கூடக் கடிக்கவில்லை என்றும், இதைப் பிடிப்பதற்காகச் சிலர் தூக்கத்தை ஏன் துறக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள்.

இந்த மீன் பெரும்பாலும் அந்தியிலும் இரவிலும் விடியலிலும்தான் கரையை ஒட்டி இரை தேடும். அலை வெளுத்து உடையும் இடம் மணல்திட்டு. அதற்கும் கரைக்கும் இடையே கருத்துத் தெரியும் பள்ளத்திலும், திட்டு அறுபட்டு நீர் கடலுக்குத் திரும்பும் வாயிலிலும் சிறுமீன்கள் அலைக்கழிவதால், பெரிய மீன் சில சமயம் உங்கள் காலடிக்கு அருகிலேயே இருக்கும். ஆகவே தொலைவைவிட இடமே முக்கியம். ஓதம் இறங்கிக் கடல்நீர் வற்றும்போது சென்று திட்டுகளைப் பார்த்து வைத்துக்கொண்டு, இருட்டியபின் அங்கேயே வீசுங்கள்.

படகோ கருவியோ இன்றி நீரைப் படித்தே மீனைக் கண்டடைவதுதான் இந்தப் பித்துக்குக் காரணம் என்பேன். 1982-இல் நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டி நகரில், கடலுக்குள் நீளும் கற்சுவர் ஒன்றிலிருந்து 78 பவுண்டுக்கும் அதிகமான ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிபட்டதை அங்குள்ளோர் இன்றும் சொல்வார்கள்.

நியூ ஜெர்சிக்குத் தெற்கேயுள்ள செசபீக் விரிகுடாவிலும் ஹட்சன் ஆற்றிலும் முட்டையிட்டு வசந்தத்தில் வடக்கே போகும் மீன் கூட்டம் இலையுதிர்காலத்தில் தெற்கே திரும்பும்; அக்டோபர், நவம்பர் மாதங்களைத் தவறவிடாதீர்கள். இயற்கை இரையைக் கோத்து வீசுவதென்றால் வட்டத் தூண்டில் முள் (நுனி உள்நோக்கி வளைந்தது) சட்டப்படி கட்டாயம்.