நடக்கும்போது வயிற்றுத் தோல் உரசுகிறது என்ற கேள்விக்கு

45 கிலோ குறைத்த பிறகு, தேவகோட்டையில் காலை நடை போகும்போது தொங்கும் வயிற்றுத் தோல் குலுங்கி உரசிப் புண்ணாகிறது என்று எழுதியிருந்தீர்கள், தோழி. 38 கிலோ குறைந்தபோது காரைக்குடியில் நானும் இதே பாடு பட்டேன்.

முதலில் உடை. இடுப்புக்கு மேலே ஏறி வயிற்றை அணைத்துப் பிடிக்கும் லெகிங்ஸ் வாங்குங்கள். தோல் மடிப்பு முழுவதும் உள்ளே அடங்க வேண்டும். இடுப்புப் பட்டை அந்த மடிப்பின் நடுவில் அழுத்தினால் வலி கூடும். மூச்சு முட்டும் அளவு இறுக்கம் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குப் பருத்திதான் என்று நானும் நினைத்தேன். ஆனால் அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே நிற்கிறது, உரசல் அதனால்தான் அதிகமாகிறது. சீக்கிரம் உலரும் விளையாட்டுத் துணி எடுங்கள். மேலே தளர்வாக ஒரு குர்தி போதும்.

கிளம்பும் முன் உரசும் இடத்தில் வாசலின் மெல்லிசாகத் தடவுங்கள். வந்ததும் குளித்து, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள்.

சிவந்து அரித்தாலோ நாற்றம் வந்தாலோ பூஞ்சையாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசிவிடாதீர்கள், தொற்று பரவிவிடும்.

அப்புறம், இதெல்லாம் புண் ஆறி மறுபடி நடக்கும்போது. இப்போது இருக்கும் புண் ஆறும்வரை நடையை நிறுத்திவிட்டு, உட்கார்ந்தபடி கைகளுக்கு டம்பெல் பயிற்சி செய்யுங்கள்.