பதில்: ஃப்ளாட்ல 6 சைக்கிள் வச்சும் ஒருத்தரும் எடுக்கிறாங்க இல்ல

வெள்ளவத்தை ஃப்ளாட்ல இருக்கிறவங்க எல்லாரும் மாறி மாறி எடுத்து ஓட 6 சைக்கிள் வாங்கி, அதுக்கு ஃபோன் ஆப்பும் போட்டு ரெண்டு மாசமா சும்மா நிக்குதெண்டு எழுதியிருந்தீங்க. முதல்ல அந்த கிரெடிட் கார்ட் டிபொசிட்ட எடுத்துவிடுங்க, கார்ட் இல்லாதவங்க அந்த இடத்தோடயே நிப்பாட்டிருவாங்க, செக்யூரிட்டி அண்ணாட்ட பேர் எழுத ஒரு கொப்பியும் சாவியும் குடுத்தா காணும். எங்கட ஒஃபீஸ்லயும் இப்பிடித்தான், சாவி கொப்பிக்கு மாறின பிறகுதான் ஆக்கள் தொட்டாங்க.

அடுத்தது, போட்டோவுல பாத்தா எல்லாம் குறுக்கு பார் உள்ள ஆம்பிளை சைக்கிள், செயின் கவரும் இல்ல. சாரியோ அபாயாவோ உடுத்திட்டு எப்பிடி ஏறுறது? பாதிப் பேர் அங்கயே கழண்டாச்சு. எல்லாத்தையும் மாத்தேலாட்டி ரெண்டையாவது லேடீஸ் சைக்கிளா மாத்துங்க, சீட்ட ஸ்பானர் இல்லாம கையாலயே ஏத்தி இறக்கிற லீவரும் போடுங்க.

ஹெல்மெட் கட்டாயமெண்டு போட்டிருக்கீங்க, பாதுகாப்புக்கு நல்லம்தான், ஆனா அடுத்தவன்ட வேர்வைத் தொப்பிய ஆர் போடுவாங்க (நான் போடமாட்டன்). மெல்பர்ன்ல 2010ல தொடங்கின வாடகைச் சைக்கிள் திட்டம் 2019ல மூடினதுக்கு அங்கத்த ஹெல்மெட் கட்டாயச் சட்டமும் ஒரு காரணமெண்டு கன பேர் சொன்னாங்க.

மரீன் ட்ரைவ் பக்கம் நிப்பாட்டுறீங்கதானே, உப்புக் காத்துல செயின் துருப்பிடிச்சிரும், கிழமைக்கு ஒருக்கா எண்ணெய் விடுங்க.