சென்சாரா, மாடலா, வகுப்பறையா?

கேள்வி: இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டுக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு மூன்று தலைப்புகள் கைவசம் உள்ளன: வாயுவைக் கண்டறியும் துத்தநாக ஆக்சைடு படலம் தயாரிப்பது, அத்தகைய சென்சார்களின் சிக்னலை மெஷின் லேர்னிங் மூலம் பகுத்தறிவது, மின்சுற்றுப் பாடத்தை மாணவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என ஆராய்வது. மூன்றாவது சுலபம், ஆனால் அது உண்மையான ஆராய்ச்சியே இல்லை என்கிறார்கள் நண்பர்கள். எதை எடுக்கலாம்?

பதில்: மூன்றாவது சுலபம் என்பவர்கள் அதற்கான கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பிறகு பார்ப்போம். மூன்றிலும் ஆய்வேடு தடுக்கி விழும் இடம் ஒன்றேதான்: எதை ஒரு மாதிரி (சாம்பிள்) என்று எண்ணுகிறீர்கள்?

ஆய்வகத்தில் இது பச்சையாகத் தெரியும். துத்தநாக ஆக்சைடின் மேற்பரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மின்தடை ஏறும். எத்தனால் ஆவி பட்டால் அது அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்து எலக்ட்ரான்களை விடுவிக்கும், தடை இறங்கும். பொதுவாகப் படலத்தை 200 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கித்தான் அளப்பார்கள். ஈரப்பதம் மாறினாலே அளவு நகர்ந்துவிடும் என்பதால், ஈரப்பதத்தைக் குறிக்காத நாளின் அளவீட்டை நம்ப முடியாது. ஒரே படலத்தை மூன்று முறை அளந்துவிட்டு மூன்று மாதிரிகள் என்று எழுதுவது இங்கே வழக்கமான பிழை. மீட்டர் நிலையாக இருக்கிறது என்பதைத் தவிர அது எதையும் காட்டாது. தனித்தனியாகக் கரைசல் தயாரித்து, தனித்தனியாகப் பூசிச் சுட்ட படலங்கள் குறைந்தது மூன்று வேண்டும். மாதங்கள் கரைவது அதில்தான்.

இரண்டாவது தலைப்புக்குக் கருவி வரிசையில் காத்திருக்க வேண்டாம். சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 16 சென்சார்களைக் கொண்டு, 6 வாயுக்களுக்கு, 36 மாதங்களில் எடுத்த 13,910 அளவீடுகள், காலவரிசைப்படி 10 தொகுதிகளாகப் பொதுவில் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு 80 விழுக்காட்டில் பயிற்றுவித்து மீதியில் சோதித்தால் துல்லியம் பிரமாதமாக வரும். முதல் தொகுதியில் பயிற்றுவித்துக் கடைசித் தொகுதியில் சோதித்துப் பாருங்கள்; சரிந்துவிடும். சென்சாரின் குணம் நாள்பட மாறுவதுதான் காரணம். பயன்படுத்துகிறவருக்குக் கிடைக்கப்போவது இந்த இரண்டாவது எண் என்பதால் ஆய்வேட்டிலும் அதுவே இடம்பெற வேண்டும். சராசரி, திட்ட விலக்கம் கொண்டு தரவைச் சீராக்கும்போதும் பயிற்சிப் பகுதியிலிருந்து மட்டுமே அவற்றைக் கணக்கிடுங்கள். இல்லாவிட்டால் சோதனைத் தாளை முன்பே காட்டிவிட்ட கதைதான்.

இனி வகுப்பறை. ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் மாட்டி, எது அதிகம் ஒளிரும் என்று கேளுங்கள். ஓம் விதியைத் தப்பில்லாமல் எழுதும் மாணவர்களிலும் சிலர், "முதல் பல்பு கரண்டைச் செலவழித்துவிடும், அதனால் இரண்டாவது மங்கல்" என்பார்கள். ஆராய வேண்டியது இந்தத் தவறான புரிதலைத்தான். உண்மையான ஆராய்ச்சியா என்று சந்தேகப்படும் நண்பர்களிடம் இயந்திரவியல் பாடத்தில் அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஹேக் 1998இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்லுங்கள். 62 பாடப்பிரிவுகள், 6,542 மாணவர்கள். பாடத்துக்கு முன் எட்டாமல் விட்ட மதிப்பெண்ணில் எவ்வளவை மீட்டார்கள் என்று பார்த்தால், வழக்கமான விரிவுரை வகுப்புகளில் சராசரி 0.23; மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 0.48.

நீங்கள் ஒரு புதிய கற்பித்தல் முறையைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். அரைத் திட்ட விலக்க வித்தியாசத்தை 80 விழுக்காடு வாய்ப்புடன் கண்டுபிடிக்க, 5 விழுக்காடு முக்கியத்துவ நிலையில் (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5 விழுக்காடு), குழுவுக்கு 64 பேர், ஆக 128 பேர் போதும் என்று பாடநூல் சொல்லும். அந்த 128 பேரும் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்களாக இருந்தால்தான் அது செல்லும். ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒரே ஆசிரியரிடம் கற்கிறார்கள். வகுப்புக்கு 30 பேர், வகுப்புக்குள் ஒற்றுமைக் கெழு (ஒரே வகுப்பினரின் மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு) 0.2 என்றால், பெருக்க வேண்டிய எண் 1 + 29 × 0.2, அதாவது 6.8. ஆக, சுமார் 870 மாணவர்கள், 29 வகுப்புகள். முன்தேர்வு மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்த்தால் இது குறையும். ஆனால் உங்கள் வகுப்பு ஒன்று, சக ஆசிரியரின் வகுப்பு ஒன்று என்று ஒப்பிட்டால், எத்தனை மாணவர்கள் இருந்தாலும் பக்கத்துக்கு ஒரு சாம்பிள் மட்டும்தான். பலன் முறையால் வந்ததா, ஆசிரியரால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது.

அத்தனை வகுப்புகள் கிடைக்காது என்றால் கேள்வியை மாற்றுங்கள். எந்த முறை சிறந்தது என்று கேட்காமல், மாணவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கேளுங்கள். 15 முதல் 20 பேருடன் சுற்றை முன்னால் வைத்துப் பேசி, பதிவுசெய்து, எழுத்தாக்கி, இருவர் தனித்தனியாக வகைப்படுத்தி, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடலாம். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நாலைந்து மணி நேரம் பிடிக்கும்.

வகுப்பு கையில் இருக்கும் உங்களுக்கு இந்த நேர்காணல் வடிவிலான மூன்றாவது தலைப்பே பொருத்தம். படலம் தயாரிப்பதில் ஆசை இருந்தால் முதலாவது. அடுப்பும் வாயு அறையும் வாரத்தில் எத்தனை நாள் உங்களுக்குக் கிடைக்கும் என்று நெறியாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு நடுவில் மாறுவது எளிது, சொந்தத் தரவே கையில் இருக்கும். மூன்றாவதுக்கு மாறுவது அப்படியல்ல. நெறிமுறைக் குழுவின் அனுமதியும், மாணவர்கள் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் என்றால் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். அனுமதிக்கு முன் ஆய்வுக்கென்று எடுத்த பதிவுகளைப் பொதுவாகப் பயன்படுத்த விடமாட்டார்கள். மின்சுற்றுப் பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும் என்றால், அது தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, விண்ணப்பத்தைச் சில மாதங்கள் முன்பே கொடுத்துவிடுங்கள்.