அல்ஜீரிய விடுதலைப் போர் துனிசியாவை எப்படிப் பாதித்தது?

ஊரார் சண்டையில் அடி வாங்கிய கதைதான். 1954-இல் அல்ஜீரியர்கள் பிரான்சுக்கு எதிராக ஆயுதம் ஏந்தினார்கள். 1956-இல்தான் விடுதலை பெற்றிருந்த துனிசியா, அவர்கள் எல்லை தாண்டி வந்து தங்கவும் ஆயுதம் கொண்டுபோகவும் இடம் கொடுத்தது. பிரான்ஸ் 1957-இல் எல்லை நெடுக மின்வேலி அமைத்து, கண்ணிவெடிகளையும் புதைத்தது.

சாகியத் சிடி யூசுப் என்ற எல்லையோரத் துனிசிய ஊரில் 1958 பிப்ரவரி 8 சந்தை நாள். அல்ஜீரிய அகதிகளுக்கு நிவாரணப் பொருள் கொடுக்கச் செஞ்சிலுவைச் சங்க லாரிகளும் வந்து நின்றன. அந்த நேரம் பார்த்துப் பிரெஞ்சு விமானங்கள் குண்டு வீசின. பள்ளிக்கூடமும் தப்பவில்லை; குழந்தைகள் உட்படச் சுமார் 70 பேர் இறந்தார்கள். போராளிகளின் தளத்தைத்தான் தாக்கினோம் என்றது பிரான்ஸ். சந்தைக்கு வந்தவர்களைப் பற்றி என்ன சொல்வது?

துனிசிய அதிபர் ஹபீப் பூர்கீபா பிரச்சினையை ஐ.நா. வரை கொண்டுபோனார். அமெரிக்காவும் பிரிட்டனும் சமரசம் பேச வந்தன. அந்தச் சமரசத்தை ஏற்பதா வேண்டாமா என்ற சண்டையில் ஏப்ரலில் பிரெஞ்சு அரசே கவிழ்ந்தது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: ஆயிரக்கணக்கான அல்ஜீரியப் படையினர் ஆயுதங்களோடு தன் மண்ணில் இருந்தது பூர்கீபாவுக்கும் தலைவலிதான். ஆனால் அவர்களைத் துரத்த அவரால் முடியாது. துனிசிய மக்களின் மனம் அவர்கள் பக்கம் இருந்தது.