ஸ்கோப்பை நேர்ப்படுத்த லேசர் கருவி வாங்கத்தான் வேண்டுமா?

கும்பகோணத்திலிருந்து, உரிமம் பெற்ற .22 போல்ட் ரைபிளின் புதிய ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியை, குறைந்த செலவில் குழலோடு நேர்ப்படுத்துவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். செலவே இல்லாத வழியையே முதலில் பரிந்துரைப்பேன். சுடுதளத்தில், துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டைக் கழற்றி, ரைபிளை மணல் மூட்டைகளின் மேல் அசையாமல் வைத்து, 25 மீட்டரில் உள்ள இலக்கின் கறுப்பு வட்டம் குழலின் நடுவே தெரியும்படி பின்புறமிருந்து பார்த்து அமையுங்கள். பிறகு ரைபிள் நகராதபடி, ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு அதே வட்டத்துக்கு வரும்வரை ஸ்கோப்பின் திருகுகளைச் சுழற்றுங்கள். மேல்நோக்கிய அம்புக்குறிப் பக்கம் திருப்பினால் கோடு கீழே இறங்குவதாகத் தெரியும். அம்பு காட்டுவது குண்டு படும் இடம் நகரும் திசையை என்பதால் குழம்ப வேண்டாம்.

குழல் வழியே பார்க்க இயலாத துப்பாக்கிக்குத்தான், குழலில் பொருத்தி இலக்கில் சிவப்புப் புள்ளி விழச் செய்யும் லேசர் கருவி தேவை. டெல்டாவின் உச்சி வெயிலில் சிவப்புப் புள்ளி மங்கிவிடும், மாலையில் பயன்படுத்துங்கள். சுடுமுன் லேசர் கருவியைக் கட்டாயம் அகற்றுங்கள். எவ்வழியானாலும், இறுதித் திருத்தத்தைச் சுட்டுப் பார்த்தே செய்ய வேண்டும்.