லைப்ரரியில் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டுக் கடைக்குப் போகலாமா? சேலம் குகைப் பகுதியிலிருந்து கனடாவின் ஸ்கார்பரோ வந்த தங்கைக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். சேலம் குகையிலிருந்து இந்த வருடம்தான் டொரொன்டோ நகரத்து ஸ்கார்பரோவுக்கு வந்திருக்கிறீர்கள். எட்டு வயது மகளையும் நாலு வயது மகனையும் லைப்ரரியில் குழந்தைகள் பகுதியில் உட்காரவைத்துவிட்டு, பார்க்கிங்கைத் தாண்டி இருக்கும் கடைக்குப் பால் வாங்கப் போனீர்கள். திரும்பி வந்தால் ஊழியர் ஒருவர் பிள்ளைகள் பக்கத்திலேயே நிற்கிறார். இனி இப்படி விட்டுப் போகாதீர்கள் என்று சொல்லி, விதிகள் அச்சிட்ட தாளைக் கையில் கொடுக்கிறார். அதற்கு முந்தின வாரம்தான் மகன் ஓடிக் கத்தியதற்கு ஒரு பெரியவர் முறைத்திருக்கிறார். பேர் எழுதி வைத்திருப்பார்களா, போலீஸ் வருமா, பிள்ளைகளுக்கு அடக்கம் வரும்வரை அங்கே போகாமலே இருந்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

போகாமல் இருக்காதீர்கள். இந்த வாரமே போங்கள்.

சத்தத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். குழந்தைகள் பகுதியில் பேச்சும் சிரிப்பும் இருக்கும் என்று தெரிந்துதான் அதைத் தனியாக வைத்திருக்கிறார்கள். கதை நேரத்தில் ஊழியர்களே பாட்டுப் பாடிக் கைதட்ட வைப்பார்கள். அமைதி வேண்டியது படிப்பவர்கள் உட்காரும் பக்கத்தில். அலமாரி மேல் ஏறுவது, வரிசைகளுக்கு நடுவே ஓடுவது, தானாகத் திறக்கும் வாசல் கதவிடம் போவது, இவற்றை மட்டும் உடனே நிறுத்துங்கள். அந்தக் கதவுக்கு வெளியே கார்கள் வரும். பையன் அடம்பிடித்து அழுதால் தூக்கிக்கொண்டு முன்வாசல் பக்கம் நின்று, அடங்கியதும் உள்ளே வாருங்கள். அங்கே வளர்ந்த அம்மாக்களும் இதைத்தான் செய்கிறார்கள். முறைத்த பெரியவரை விட்டுத்தள்ளுங்கள்.

விட்டுப் போனது வேறு விஷயம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் இப்போது லீவுக்கு வந்து சேலம் அம்மாபேட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். ஆடி மாதம், உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அலங்கார வண்டிகள் ஊர்வலமாக வரும் வண்டி வேடிக்கையைப் பார்க்கத் தெருவே திரண்டு நிற்கும்போது, ஒரு பொடியன் கூட்டத்துக்குள் நழுவினால் யாரோ ஒரு அத்தை சட்டையைப் பிடித்து நிறுத்தி “யார் வீட்டுப் பிள்ளைடா நீ?” என்று கேட்கிறார். அவன் தாத்தா பேரைச் சொன்னால் போதும், வீடு வந்து சேர்ந்துவிடுவான். கிளை நூலகத்திலும் அப்படித்தான். பேப்பர் படிக்கும் பெரியவருக்குப் பையனின் அப்பாவைத் தெரியும். நம் ஊரிலும் இப்போது பிள்ளைகளைத் தனியே விடுவது குறைந்திருக்கிறது, ஆனாலும் தெரிந்த கண்கள் இன்னும் இருக்கின்றன. ஸ்கார்பரோ லைப்ரரியில் உங்கள் மகன் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் அந்த ஊழியர் உங்களுக்காகக் காத்து நின்றார்.

இன்னொன்றையும் யோசியுங்கள். டொரொன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பொது நூலகத்துக்குள் நுழையக் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். குளிரில் ஒதுங்க வருபவர், வேலை தேடுபவர், யாரையும் யாரும் விசாரிப்பதில்லை. அந்தத் திறந்த கதவுதான் நம்மைப் போல் புதிதாய் வந்தவர்களையும் உள்ளே விட்டது. ஆனால் யார் வருகிறார், யாரோடு போகிறார் என்று ஊழியர்கள் கவனித்துக்கொண்டிருக்க முடியாது. அது பள்ளிக்கூடமும் இல்லை, டேகேரும் இல்லை. “கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்று மேசையில் சொல்லிவிட்டுப் போனாலும் பொறுப்பு அவர்களிடம் போய்விடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 2017ஆம் ஆண்டின் ஒன்டாரியோ குழந்தைகள், இளையோர், குடும்பச் சேவைகள் சட்டத்தின் 136ஆம் பிரிவுப்படி, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சூழ்நிலைக்குத் தக்க மேற்பார்வை ஏற்பாடு இல்லாமல் விட்டுப் போகக் கூடாது. இத்தனை வயதானால் தனியே விடலாம் என்று அது வயது குறிக்கவில்லை. அதனால் ஒவ்வொரு நூலகமும் தானே ஒரு வயது வைத்துக்கொள்கிறது. ஊருக்கு ஊர் மாறும். நாளைக்கே மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் வீடு மாறினால் அங்குள்ள தாளையும் வாங்கிப் படியுங்கள். உங்கள் கையில் இருக்கும் தாளை உங்கள் கணவருக்கும் காட்டுங்கள்.

மகள் பெரியவள், தம்பியைப் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்திருப்பீர்கள். நம் வீடுகளில் அக்காமார் இடுப்பில்தான் தம்பிகள் வளர்ந்தார்கள். அங்கே அந்தக் கணக்கு செல்லாது. கனடிய செஞ்சிலுவைச் சங்கம் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி கொடுப்பதே 11 வயது முதல்தான். எட்டு வயதுப் பெண் தன்னைப் பார்த்துக்கொண்டாலே பெரிது. தம்பி பாத்ரூம் போக வேண்டும் என்றால் அவள் என்ன செய்வாள்? தீ எச்சரிக்கை மணி அடித்தால்? மூடும் நேரம் வந்தும் அம்மா வரவில்லை என்றால் ஊழியர் முதலில் உங்களைக் கூப்பிடப் பார்ப்பார். நீங்கள் கிடைக்காவிட்டால் போலீஸைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். தன் காரில் பிள்ளைகளை ஏற்றி வீட்டில் இறக்கிவிட மாட்டார்.

பேர் எழுதி வைத்தார்களா என்ற பயத்துக்கு வருகிறேன். ஒரு குழந்தைக்குப் பாதுகாப்பு தேவைப்படுகிறது என்று நியாயமான சந்தேகம் வந்தால், யாராக இருந்தாலும் குழந்தைகள் பாதுகாப்பைக் கவனிக்கும் சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டிக்குச் சொல்லியாக வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் உங்களிடம் நேரில் பேசித் தாள் கொடுத்து அனுப்பியவர் உங்களுக்கு விஷயத்தைப் புரியவைக்கத்தான் பார்த்திருக்கிறார். நம் நிறத்தைப் பார்த்தா சொன்னார்கள் என்ற சந்தேகம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதே விதியை எல்லா அம்மாக்களிடமும் சொல்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை அவரைப் பார்த்தால் ஒரு நன்றி சொல்லுங்கள், பிள்ளைகளின் பேரையும் சொல்லுங்கள்.

பால் வாங்க வேண்டுமா, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே போங்கள். பனிக்காலத்தில் இரண்டு பேருக்கும் கோட்டும் பூட்ஸும் மாட்டுவது பெரிய வேலைதான். அதனால் கடையை முதலில் முடித்துவிட்டு லைப்ரரிக்குப் போங்கள். உள்ளே போனால் பையன் கண்ணில் படும் தூரத்தில் உட்காருங்கள், போனை எடுத்து வைத்துவிடுங்கள்.

கதை நேரத்தில் பெற்றவர்களும் கூடவே இருக்க வேண்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. பிள்ளைக்கு எப்படிப் படித்துக்காட்டுவது, எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது என்று அம்மாவுக்கும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறார்கள். உங்கள் ஆங்கிலமும் அங்கேயே பழகிவிடும். டொரொன்டோவில் 100 கிளைகள் இருக்கின்றன, அட்டை இலவசம், 2022 முதல் தாமதக் கட்டணமும் இல்லை. தொலைபேசியில் கதை சொல்லும் சேவை தமிழிலும் உண்டு. எண்ணை மேசையில் கேட்டு வாங்குங்கள். இரவு வேலைக்குப் போன அப்பா தூங்கும் பகல்களில் நாலு வயதுக்காரனை அது சத்தமில்லாமல் உட்காரவைக்கும்.

மகளுக்குத் தனி அட்டை எடுத்துக் கொடுங்கள், தமிழ்ப் புத்தகங்கள் எந்தக் கிளையில் இருக்கின்றன என்றும் விசாரியுங்கள். நான் ஆவணியில் திரும்பிவிடுவேன். துணை வேண்டுமானால் எழுதுங்கள், முதல் கதை நேரத்துக்கு நானும் வந்து உட்காருகிறேன்.